தூரத்துப் பறவையைத் தெளிவாகப் பார்க்க: பழவேற்காட்டுக்கு ஏற்ற பைனாகுலரும் ஸ்கோப்பும்

பழவேற்காட்டுக்கு முதன்முறை பறவை பார்க்க வருபவர்களில் பலர் ஒரே குறையோடு ஊர் திரும்புகிறார்கள். பூநாரைகள் இருந்தன, ஆனால் தொடுவானத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன என்பார்கள். ஏரியின் அமைப்பு அப்படி. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். இவ்வளவு பரந்த நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். நீண்ட காலால் சேற்றைக் கிளறி, தலைகீழாகக் கவிழ்த்த அலகால் நீரை வடிகட்டித் தின்னும் பூநாரைக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. கரையோரம் வர வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. நடு ஏரியிலும் நின்று மேயும். கரையில் நிற்கும் நமக்கும் அதற்கும் நடுவே அரைக் கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ சேறும் நீரும் கிடக்கும்.

படகில் போனால் நெருங்கலாம் என்று தோன்றும். ஆனால் 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. யாராவது ரகசியமாக அழைத்துப் போவதாகச் சொன்னாலும் ஏறாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். இயந்திரப் படகின் சத்தத்துக்குப் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்துவிடும் என்பது இரண்டாவது. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் நீங்கள் கரையிலோ சாலையோரத்திலோ நிற்கிறீர்கள் என்று வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. பறவையிடம் நாம் போகப் போவதில்லை. கருவிதான் அதை நம் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும்.

அப்படியானால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்ற முடிவுக்குத்தான் பலரும் தாவுகிறார்கள். பழவேற்காட்டைப் பொறுத்தவரை அந்த முடிவு தவறு. வெயிலும் கானலும் காற்றும் உப்பும் சேர்ந்த இந்த ஏரிக்கரையில் பெருக்கம் ஓரளவுக்கு மேல் உதவாது. ஒளி, தெளிவு, ஆடாத நிலை ஆகிய மூன்றுக்கும்தான் பணம் கொடுக்க வேண்டும். இனி சொல்லப் போகும் ஒவ்வொரு பரிந்துரையும் இதிலிருந்து வருவதே.

துப்பாக்கி ஸ்கோப் வேண்டாம்

இணையக் கடையில் ‘ஸ்கோப்’ என்று தேடினால், முக்காலியில் நிறுத்திப் பறவை பார்க்கும் ஒற்றைக் குழல் ஸ்கோப்புகளோடு துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்புகளும் வரிசையாக வந்து நிற்கும். ‘3–9×40’ போன்ற எண்களும் கறுப்பு உலோகக் குழலும் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். விலையும் சில நேரம் பைனாகுலரைவிடக் குறைவு. பறவை பார்க்க இதை வாங்காதீர்கள்.

துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கண்ணில் இடிக்காதபடி, கண் லென்ஸிலிருந்து சுமார் 9 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கும் விதமாக அது செய்யப்பட்டிருக்கிறது. தோளில் அணைத்த துப்பாக்கியில் அது சரி. வெறும் கையில் பிடித்து அந்தத் தூரத்தில் கண்ணை நிறுத்திப் பாருங்கள், காட்சி மறைந்து மறைந்து வரும். 9 மடங்கில் அது 100 மீட்டர் தொலைவில் நாலரை மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். 8 மடங்கு பைனாகுலர் அதே தொலைவில் 12 முதல் 14 மீட்டர் அகலம் காட்டும். பறக்கும் ஆலாவை நாலரை மீட்டர் சன்னலுக்குள் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. குறுக்குக் கோடு வேறு பறவையின் மேலேயே விழுந்து கிடக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் வேட்டையைத் தடை செய்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதும் குற்றம். பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதி 1976லும் தமிழகப் பகுதி 1980லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே துப்பாக்கி ஸ்கோப்போடு திரிபவரை வனத்துறையினர் நிறுத்திக் கேள்வி கேட்டால் அது நியாயமே.

வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் நடுத்தர ரக ரைபிளுக்கு ஸ்கோப் தேர்ந்தெடுப்பவர்களின் அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பல தலைமுறை அனுபவத்துக்குப் பிறகும் அவர்கள் அதிகம் வாங்குவது மூன்று முதல் ஒன்பது மடங்கு வரையிலான ஸ்கோப்பைத்தான். விடியலிலும் அந்தியிலும் தெளிவாகத் தெரிய வேண்டும், குறியை உடனே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் காரணம். நமக்கும் அதே இரண்டு தேவைகள் உண்டு.

எண்களைப் படிக்கும் விதம்

பைனாகுலரில் 8×42 என்று எழுதியிருந்தால், 8 என்பது பெருக்கம்; 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 400 மீட்டரில் நிற்கும் கூழைக்கடாவை 8 மடங்கு கருவி, 50 மீட்டரில் வெறுங்கண்ணால் பார்ப்பது போலக் காட்டும். தொலைவைப் பெருக்கத்தால் வகுத்தால் போதும், கணக்கு வந்துவிடும்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுங்கள். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண் லென்ஸிலிருந்து உங்கள் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் விட்டம் இது, மில்லிமீட்டரில். நல்ல பகல் வெளிச்சத்தில் நம் கண்பாவை 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். மங்கலான ஒளியில் 5 மி.மீ.க்கு மேலும் விரியும். ஒளிவட்டம் கண்பாவையைவிடச் சிறியதாக இருந்தால் காட்சி இருண்டு போகும். 10×42க்கு இந்த எண் 4.2, 8×32க்கு 4. சின்ன 8×21க்கு 2.6தான். பழவேற்காட்டில் சிறந்த நேரம் விடிந்த முதல் இரண்டு மணி நேரம் என்பதால், 4க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம் என்பேன். ஒளிவட்டம் பெரிதாக இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: காற்றில் கை ஆடினாலும் காட்சி கண்ணை விட்டு நழுவாது.

மூன்றாவது எண் பார்வைப் பரப்பு. 1000 மீட்டர் தொலைவில் எத்தனை மீட்டர் அகலம் தெரியும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். 8 மடங்கில் 125 மீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. நான்காவது, கண்ணுக்கும் கண் லென்ஸுக்கும் இடையில் அனுமதிக்கப்படும் இடைவெளி. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் 15 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும். குறைந்தால் காட்சியின் விளிம்பு வெட்டுப்படும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க நேரும்.

பைனாகுலர்: 8×42 முதலில்

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் 8×42 பைனாகுலர் வாங்குங்கள். 10×42 இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டும், உண்மை. ஆனால் கை நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்பும் இந்தக் கரையில், 10 மடங்கில் கூடுதலாகக் கிடைக்கும் விவரத்தைக் கையாட்டம் தின்றுவிடும். கை உறுதியானவர்களும், கார் சன்னலில் முழங்கையை ஊன்றிப் பார்ப்பவர்களும் 10×42 வாங்கலாம். 12, 16 மடங்கு வேண்டும் என்பவர்கள் அந்தப் பணத்தை ஸ்கோப்புக்குச் சேர்த்து வையுங்கள்.

பைனாகுலரில் இரண்டு உடலமைப்பு உண்டு. முன் லென்ஸ்கள் அகன்றும் கண் லென்ஸ்கள் நெருங்கியும், தோள் விரிந்தாற்போல இருப்பது போரோ வகை. இரண்டு நேர்க்குழல்களாக இருப்பது ரூஃப் வகை. குறைந்த விலையில் போரோ வகை நல்ல தெளிவு தரும். ஆனால் கனம் அதிகம், பெரும்பாலானவற்றில் தண்ணீர் புகும். ரூஃப் வகையில் அதே தெளிவுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். ஆனால் தண்ணீர் புகாமல் அடைத்து, உள்ளே நைட்ரஜன் நிரப்பிய மாதிரிகள் எளிதாகக் கிடைக்கும். வருடத்துக்கு ஓரிரு முறை வருபவருக்குப் போரோ போதும். உப்புக் காற்றில் அடிக்கடி நிற்பவர்கள் நைட்ரஜன் நிரப்பிய ரூஃப் வகையே வாங்க வேண்டும்.

பெட்டியில் தேட வேண்டிய சொற்கள் சில. முப்பட்டகம் பேக்-4 கண்ணாடியாக இருக்கட்டும். எல்லா லென்ஸ் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கட்டும். ரூஃப் வகையானால் முப்பட்டகத்தில் ஃபேஸ் பூச்சும் வேண்டும். அது இல்லாவிட்டால் நுண்விவரம் மங்கும். கையில் காசு இருந்தால் இ.டி. கண்ணாடி உள்ளதைப் பாருங்கள். பளபளக்கும் நீருக்கு எதிரே வெள்ளைப் பூநாரை நிற்கும்போது, சாதாரணக் கண்ணாடியில் அதன் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். இ.டி. கண்ணாடி அதைப் பெருமளவு அடக்கும். பழவேற்காட்டில் நீங்கள் பார்க்கப் போவதில் பாதி, வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் வெள்ளைப் பறவைகள்தான். அதனால் இங்கே அது ஆடம்பரம் இல்லை.

வாங்கக் கூடாதவை மூன்று. 10–30 என்று பெருக்கம் மாறும் ஜூம் பைனாகுலர்: பார்வைப் பரப்பு குறுகி, இரு குழல்களின் ஒருங்கிணைப்பும் விரைவில் கெடும். சிவப்பு மாணிக்கம் போல மின்னும் பூச்சு கொண்டவை: சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பூநாரையின் இளஞ்சிவப்பே மாறித் தெரியும். கைபேசியில் மாட்டும் ‘40×60’ ஒற்றைக் குழல்கள்: அந்த எண்களை நம்ப வேண்டாம்.

ஸ்கோப்: எப்போது, எது

ஒரு பருவம் பைனாகுலரோடு ஏரியைச் சுற்றிய பிறகு, எந்த இடத்தில் அது போதவில்லை என்பது உங்களுக்கே தெரியும். பழவேற்காட்டில் அப்படிச் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும்.

தூரத்தில் நிற்பது பெரும் பூநாரையா, சிறு பூநாரையா? பெரும் பூநாரையின் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரையின் அலகு முழுவதும் அடர்ந்து கறுத்த சிவப்பு. சேற்றுத் திட்டில் ஓடும் கூட்டத்தில் கொசு உள்ளான் எது, அலகு வளைந்த உள்ளான் எது? முதலாவது சிட்டுக்குருவி அளவுகூட இல்லாத, 12 முதல் 14 செ.மீ. பறவை. வளைந்த நீண்ட அலகோடு நிற்பது பெரிய கோட்டானா, தலையில் கோடு போட்ட சின்னக் கோட்டானா? இன்னொன்று எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. ஆராய்ச்சியாளர்கள் கரையோரப் பறவைகளின் காலில் வளையமும், எழுத்து பொறித்த நிறக் கொடியும் மாட்டி விடுகிறார்கள். 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் இந்தப் பணியைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. அந்த எழுத்தைப் பறவையைப் பிடிக்காமல் படிக்க ஸ்கோப் பெரிதும் உதவும். நீங்கள் படித்து அனுப்பும் இரண்டு எழுத்தால் ஒரு பறவையின் பயணப் பாதை தெரியவரலாம்.

கடையில் பொதுவாகக் கிடைக்கும் ஸ்கோப்புகளின் முன் லென்ஸ் 60 முதல் 65 மி.மீ., அல்லது 80 மி.மீ.யை ஒட்டி இருக்கும். 20–60×80 என்ற மாதிரி பரவலானது. அதன் ஒளிவட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 20 மடங்கில் 4 மி.மீ., நல்ல வெளிச்சம். 60 மடங்கில் 1.3 மி.மீ.தான், காட்சி இருண்டு, மங்கி, சிறு அதிர்வுக்கும் துள்ளும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் அந்த 60ஐப் பழவேற்காட்டில் நீங்கள் பயன்படுத்தப் போவது மிக அரிது. நடைமுறையில் 20 முதல் 40 வரைதான் வேலை நடக்கும். 30 மடங்கில் ஒரு கிலோமீட்டர் தூரத்துப் பூநாரை 33 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். அலகின் நிறம் சொல்ல அது தாராளம்.

அதனால் என் பரிந்துரை இது: 80 மி.மீ. சாதாரணக் கண்ணாடிக்கும் 65 மி.மீ. இ.டி. கண்ணாடிக்கும் ஒரே விலை என்றால் 65 இ.டி.யை எடுங்கள். எடை குறையும், காற்று பிடிக்கும் பரப்பு குறையும், பேருந்தில் பொன்னேரி வந்து மாறிப் போகிறவரும் தூக்கிவிடலாம். சொந்த வண்டியில் வருபவர், அந்தி வரை பார்ப்பவர், பணத் தட்டுப்பாடு இல்லாதவர் 80 மி.மீ. இ.டி. வாங்கலாம்.

கண் லென்ஸ் நேராகவும் இருக்கும், 45 பாகை சாய்ந்தும் இருக்கும். நேரானதில் பறவையைக் கண்டுபிடிப்பது எளிது. கார் சன்னலில் பொருத்தவும் ஏற்றது. சாய்ந்ததில் முக்காலியைத் தாழ்வாக வைக்கலாம், அதனால் காற்றுக்கு ஆடாது. உயரமானவரும் குழந்தையும் அதே உயரத்தில் மாறி மாறிப் பார்க்கலாம். குடும்பத்தோடும் மாணவரோடும் வருபவர்களுக்குச் சாய்ந்ததுதான் சரி.

கானல், வெயில், காற்று

எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் வெல்ல முடியாதது கானல். வெயில் ஏறியதும் சேறும் மணலும் சூடாகி, அதன் மேல் காற்று நெளியத் தொடங்கும். அந்த நெளிவையும் ஸ்கோப் சேர்த்துப் பெரிதாக்கும். பூநாரையின் கால்கள் நீரில் கரைவது போலத் தெரிந்தால் பெருக்கத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். 20 மடங்கில் கிடைக்கும் அமைதியான சிறு உருவம் 50 மடங்கில் நடுங்கும் பெரிய உருவத்தைவிட அதிகம் சொல்லும். பகல் முழுதும் நிற்கத்தான் வேண்டும் என்றால் சூடான மணலின் மேலாகப் பார்ப்பதைத் தவிர்த்து, நீருக்கு மேலாகப் பார்க்கும் இடம் தேடுங்கள். வாய்த்தால் சற்று உயரத்தில் நில்லுங்கள்.

சூரியன் எந்தப் பக்கம் என்பது கருவியின் தரத்தைவிட முக்கியம். ஏரியின் மேற்குக் கரையில், அண்ணாமலைச்சேரி போன்ற ஊர்களில் நின்று கிழக்கே பார்த்தால், காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். பறவைகள் கறுப்பு நிழல்களாகத் தெரியும். அங்கே பிற்பகலில் போங்கள், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். கடலோரத் திட்டில் லைட்ஹவுஸ் குப்பம் பக்கமிருந்து மேற்கே ஏரியைப் பார்ப்பவர்களுக்குக் காலை நல்லது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் கடந்து போகும் சாலையில் இரு புறமும் பார்க்கலாம். குளிர்காலத்தில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே இருப்பதால், சாலைக்கு வடக்கே உள்ள பறவைகள் தெளிவாகத் தெரியும். சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே இருக்கும் நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் மரங்களில் கூடு கட்டுகின்றன. அங்கே பைனாகுலரே போதும், ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

மாதமும் கருவியைத் தீர்மானிக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஏரி நிறைந்திருக்கும். பறவைகள் சிதறி, தொலைவில் இருக்கும். ஜனவரிக்குப் பிறகு நீர் வடிய வடியச் சேற்றுத் திட்டுகள் வெளியே வரும். சின்ன உள்ளான்கள் குவியும். ஸ்கோப்புக்கு முழு வேலை அப்போதுதான்.

முக்காலிக்குப் பணம் ஒதுக்குங்கள்

ஸ்கோப்புக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு, கைபேசிக்கான மெல்லிய முக்காலியில் அதை ஏற்றுபவர்களைக் கரையில் நிறையப் பார்க்கலாம். ஆடும் காலில் நிற்கும் விலையுயர்ந்த ஸ்கோப், ஆடாத காலில் நிற்கும் சாதாரண ஸ்கோப்புக்குத் தோற்றுப்போகும். ஸ்கோப்பும் முக்காலியும் சேர்த்துப் பத்துப் பங்கு பணம் இருந்தால் ஆறு பங்கு ஸ்கோப்புக்கு, நான்கு பங்கு முக்காலிக்கும் அதன் தலைக்கும் என்று வையுங்கள்.

வீடியோ எடுப்பவர்கள் பயன்படுத்தும் ஃப்ளூயிட் தலை வாங்குங்கள். பறவையோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். பந்து போல எல்லாப் பக்கமும் சாயும் தலை ஸ்கோப்புக்குச் சரிவராது. நடுத்தண்டை உயர்த்தாமல், தடித்த மேல்கால்களை மட்டும் நீட்டி நிறுத்துங்கள். தண்டின் அடியில் கொக்கி இருந்தால் தண்ணீர் பாட்டில் போட்ட பையை மாட்டுங்கள். சேற்றில் கால் புதையாமல் இருக்க ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தட்டையான பலகைத் துண்டு வைத்தால் போதும்.

கடையில் சோதிக்க

முடிந்தவரை நேரில் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

1. பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கிக் கண் லென்ஸைப் பாருங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் முப்பட்டகம் தரம் குறைந்தது.

2. தொலைவில் உள்ள மின்கம்பியைப் பாருங்கள். வானத்துக்கு எதிரே அதன் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் எவ்வளவு கசிகிறது என்று கவனியுங்கள். நடுவில் அது மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

3. மாடியின் விளிம்பு போன்ற ஒரு கிடைக்கோட்டைப் பார்த்தபடி, கருவியைக் கண்ணிலிருந்து சில செ.மீ. பின்னால் கொண்டு வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் குழல்கள் ஒருங்கிணையவில்லை. அதை வாங்கினால் அரை மணி நேரத்தில் தலைவலி வரும்.

4. குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் குழந்தையையே பார்க்கச் சொல்லுங்கள். கண்களுக்கு இடையிலான தூரம் சிறியவர்களுக்குக் குறைவு. பெரிய பைனாகுலர் அவ்வளவு மடங்காது.

5. ஸ்கோப்பை அதிகபட்சப் பெருக்கத்தில் வைத்து, தூரத்துப் பெயர்ப் பலகையைப் படியுங்கள். எங்கே எழுத்து மங்கத் தொடங்குகிறதோ, அந்தக் கருவியின் உண்மையான எல்லை அங்கேதான்.

வாங்கியதும் வலது, இடது கண்களுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாதிரிகளில் திருத்தும் வளையம் வலப்பக்கம் இருக்கும். வலது முன் லென்ஸை மூடி, இடக்கண்ணால் ஏரியில் ஊன்றிய ஒரு வலைக்கம்பை நடுச் சக்கரத்தால் துல்லியமாக்குங்கள். பிறகு இடதை மூடி, அதே கம்பை வலக்கண்ணால் பார்த்து வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வையுங்கள். நல்ல பைனாகுலரைக் குறை சொல்பவர்களில் பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள்.

உப்பும் பூஞ்சையும்

கடற்கரைக் கருவிகளைக் கொல்வது தூரம் அல்ல, உப்பு. உலர்ந்த உப்புப் படிகம் லென்ஸில் இருக்கும்போது துண்டாலோ முந்தானையாலோ துடைத்தால் பூச்சில் கீறல் விழும், அது மறையாது. முதலில் ரப்பர் ஊதுகுமிழால் ஊதுங்கள். தண்ணீர் புகாத கருவியானால் நன்னீரில் நனைத்த துணியால் உடலை ஒற்றி எடுங்கள். லென்ஸில் சில சொட்டு நன்னீர் விட்டு உப்பைக் கரைத்துவிட்டு, அதன்பின் மென்துணியால் துடையுங்கள். முக்காலியின் கால்களை வீடு வந்ததும் முழுக்க நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். பூட்டுகளுக்குள் புகுந்த மணல் அடுத்த முறை காலைத் திறக்க விடாது.

பூஞ்சை நம் ஊர் ஈரப்பதத்தில் எளிதாகப் பிடிக்கும். லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்தால் செலவு செய்துதான் எடுக்க வேண்டும். தோல் உறையிலும் மூடிய பீரோவிலும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறும்போது வறுத்துக் காய வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது எல்லாவற்றையும்விட நல்ல மருந்து.

கரையில் நடந்துகொள்ளும் முறை

இந்த ஏரி பறவைகளுக்கு மட்டும் உரியதல்ல. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று பாடு முறை வைத்து, தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் பங்கிட்டு வாழும் இடம். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இங்கே உண்டு. முக்காலியை நிறுத்தி நீண்ட குழலைத் திருப்பினால், அவர்களுக்கு அது அதிகாரிகளின் கண்காணிப்பாகவோ படம்பிடிப்பாகவோ தோன்றும். வேலை செய்யும் பெண்கள் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். குப்பத்துக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்க வந்தீர்கள் என்று சொல்லுங்கள். “அண்ணா, பூநாரை பார்க்க வந்தோம். இதுல நீங்களும் பாருங்க” என்று கண் லென்ஸை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். நீர் எங்கே வடிந்திருக்கிறது, கூட்டம் எந்தத் திட்டில் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த நூலுக்கும் தெரியாது.

ஸ்ரீஹரிகோட்டாவில் சதீஷ் தவான் விண்வெளி மையம் இருக்கிறது. தீவுக்குள் செல்ல அனுமதி வேண்டும். அந்தப் பக்கத்துக் கட்டடங்களை நோக்கிக் கருவியைத் திருப்ப வேண்டாம். ஏவுதல் நாள்களில் கட்டுப்பாடுகள் கூடும் என்பதால் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ட்ரோன் கொண்டுவராதீர்கள். மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் தலையை நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, பின்வாங்குங்கள். நல்ல ஸ்கோப் வாங்குவதன் பயனே நெருங்காமல் இருக்க முடிவதுதான்.

சுருக்கமாக என் தீர்ப்பு

முதல் ஆண்டு, தண்ணீர் புகாத 8×42 பைனாகுலர் மட்டும் போதும். நிக்கான், வோர்டெக்ஸ், செலஸ்ட்ரான் போன்ற பெயர்களில் நடுத்தர விலையில் நல்ல மாதிரிகள் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டு எடுங்கள். இரண்டாவது கட்டமாக உறுதியான முக்காலியும் ஃப்ளூயிட் தலையும். மூன்றாவதாக, 65 மி.மீ. இ.டி. ஸ்கோப், சாய்ந்த கண் லென்ஸோடு. ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ், கோவா போன்ற உயர்விலைக் கருவிகள் உண்மையிலேயே மேலானவை; ஆனால் கானல் எழுந்த நண்பகலில் அவற்றுக்கும் நெளிவுதான் தெரியும். விடியற்காலையில் எழுந்து வருபவரின் சாதாரணக் கருவி, பத்து மணிக்கு வந்து சேரும் உயர்ந்த கருவியைவிட அதிகம் பார்க்கும்.

கருவி கைக்கு வந்தபின் அதை ஒரு பொதுக் காரியத்துக்கும் பயன்படுத்துங்கள். 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பழவேற்காடு போன்ற பெரிய ஏரியில் எண்ணுவதற்கு ஸ்கோப் வைத்திருக்கும் கைகள் எப்போதும் தேவை. புதியது வாங்கும்போது பழைய பைனாகுலரை விற்றுவிடாமல், ஏரிக்கரைக் குப்பத்துப் பள்ளி ஒன்றுக்குக் கொடுங்கள். இந்த ஏரியைக் காக்கப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். தங்கள் வீட்டு வாசலுக்கு வரும் பறவையை அவர்களும் தெளிவாகப் பார்க்கட்டும்.